மூலத்தில் இல்லாத காட்சி

கான்பெரா
12 ஆகஸ்ட் 1965

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி ஸ்வீ பிங். உடம்புக்கு ஒன்றுமில்லை, மூக்கு மட்டும் ஜூன் மாதத்திலிருந்து ஒழுகிக்கொண்டே இருக்கிறது. நீ எப்படி இருக்கிறாய்? அத்தானின் இருமல் குறைந்ததா? ஸெமாராங்கில் வெயில் கொளுத்துகிறதா? இங்கே கொஞ்சம் அனுப்பி வை.

குசலம் முடிந்தது. அக்கா, ஒரு திருட்டைக் கண்டுபிடித்துவிட்டேன்.

சீனக் கதைகள் நம் ஜாவாப் பக்கத்து எழுத்தாளர்களுக்குள் எப்படிப் போய்ச் சேர்ந்தன என்று தடம் பார்ப்பதுதான் என் ஆராய்ச்சி. "யாரு யாரைப் பார்த்து எழுதினாங்கன்னு கண்டுபிடிக்க ஒரு பட்டமா" என்று நீ சிரித்தாயே, அதேதான். அத்தான் 'காலைக் காற்று' பத்திரிகையில் மொழிபெயர்த்த 'வெண்நாணல் வாள்' தொடர் இங்கே நூலகத்தில் முழுக்க இருக்கிறது. ஹாங்காங்கில் வந்த சீன மூலமும் இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஆறு வாரம் ஒப்பிட்டேன். நாற்பத்தேழாவது பகுதி மூலத்தில் இல்லை. தேடித் தேடிப் பார்த்துவிட்டேன், இல்லவே இல்லை.

உனக்கு நினைவிருக்கும். அப்பாவைக் கொன்றவனைப் பழிவாங்கப் போகும் வாள்காரி, வெள்ளம் வந்த ஆற்றங்கரையில் அவனுடைய குருட்டுத் தாயைப் பார்க்கிறாள். மகனுக்கு மருந்து வாங்கிக்கொண்டு திரும்புகிறவள், அக்கரைக்குக் கொண்டுவிடச் சொல்லிக் கெஞ்சுகிறாள். இவள் முதுகில் சுமந்து இறங்குகிறாள். மருந்து நனையாமல் இருக்கப் பொட்டலத்தைப் பல்லில் கடித்துக்கொண்டிருக்கிறாள் தாய். நடு ஆற்றில் அவள் கை இவளுடைய இடுப்பு வாளில் படுகிறது. யார் முதுகில் இருக்கிறோம் என்று தெரிந்துவிடுகிறது. வாயைத் திறந்தால் மருந்து போய்விடும். கடைசிவரை அவள் கத்துவதில்லை.

சீனத்தில் யாரும் எழுதாத இந்தக் காட்சி, நம் விதாக்தோ அண்ணனின் 'கலங்கல் வெள்ளம்' நாவலில் இருக்கிறது. வாளுக்குப் பதில் அரிவாள், பழிக்குப் பதில் நிலத்தகராறு. ஆனால் பல்லில் அதே மருந்துப் பொட்டலம். அண்ணனுக்குச் சீனம் ஓர் எழுத்து தெரியாது. ஆக, அத்தானிடமிருந்துதான் போயிருக்கிறது.

அந்த நாற்பத்தேழை எழுதியது யார், ஏன்? அத்தானைக் கேட்டு எழுது. என் ஆராய்ச்சிக்கு உயிர்நாடி அது.

உன் தம்பி
ஸ்வீ பிங்


ஸெமாராங்
6 செப்டம்பர் 1965

மூக்கு ஒழுகும் பண்டிதருக்கு,

அக்கா கியோக் லன் எழுதுகிறேன். நான் குண்டாகிவிட்டேன், அத்தான் இருமுகிறார், வெயில் தாராளமாக இருக்கிறது. இஞ்சியைத் தட்டிப் போட்டுக் குடி. கம்பளியைப் பெட்டியில் பூட்டி வைத்து அழகு பார்க்காதே.

உன் கடிதத்தை அத்தானுக்கு வாசித்துக் காட்டினேன். சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது. நடந்தது இதுதான். தொடரின் பகுதிகள் ஹாங்காங் பத்திரிகையிலிருந்து வெட்டப்பட்டுக் கட்டாகக் கப்பலில் வரும். அத்தான் சிவப்பு மையில் கோடு போட்டுக்கொண்டே படிப்பார், மறுநாளைக்கு வேண்டியதை எழுதுவார். அறுபத்தொன்று ஜனவரியில் புயலால் கப்பல் வரவில்லை. அத்தானுக்கோ நல்ல காய்ச்சல். ஆசிரியர் வாசலில் வந்து உட்கார்ந்துவிட்டார். "நாளைக்கு வெறும் பத்தி விட்டா வாசகர்கள் என் கதவை ஒடைப்பாங்க. ஏதாவது குடுங்க, என்னமோ ஒண்ணு குடுங்க" என்றார். கொடுத்தோம். அடுத்த வாரம் கப்பல் வந்தது. பார்த்தால் மூலத்தில் அந்தத் தாயே கிடையாது. அப்புறம் அந்தப் பொம்பளையை எங்கே ஒளிப்பது என்று அத்தான் பட்ட பாடு இருக்கிறதே.

எழுதியது யார் என்று கேட்டால் அத்தான், "சொல்லாத. மண்டைய ஒடச்சுக்கட்டும். பட்டம்னா சும்மாவா?" என்கிறார்.

விதாக்தோ அண்ணனிடமும் சொன்னேன். நேற்று நான் சுருட்டிப் பொரித்த லும்பியாவில் ஒன்பதைத் தின்றுவிட்டு, "ஆமா, திருடினேன். நல்லா இருந்துச்சு, எடுத்தேன்" என்றார். மழைக்காலம் வந்தால் இருமலுக்காக அத்தான் உங்காரான் மலையில் அவர் வீட்டுக்குப் போய்விடுவாரே, காப்பித் தோட்டத்துப் பக்கம் விறகு அடுக்கும் அந்தப் பின்கட்டு அறை, அங்கே உட்கார்ந்துதான் பாதித் தொடரை எழுதினார். அண்ணனும் அங்கேயேதான் எழுதுவார். ஒருவரை ஒருவர் திருடுவதற்கு வசதியாக ஒரே மேஜை.

நேரத்துக்குச் சாப்பிடு.

அக்கா


கான்பெரா
20 அக்டோபர் 1965

அக்கா,

நான் நலம். நீங்கள் எப்படி? வானொலியில் கேட்பதை நம்பவும் முடியவில்லை, நம்பாமல் இருக்கவும் முடியவில்லை. ராணுவம் கம்யூனிஸ்டுகளைத் தேடி ஊர் ஊராகப் போகிறது என்கிறார்கள். நம் பத்திரிகை வருகிறதா? ஒரு வரி போடு.

ஸ்வீ பிங்


கான்பெரா
2 டிசம்பர் 1965

அக்கா,

ஆறு வாரமாகத் தபால் பெட்டியைத் திறந்து திறந்து மூடுகிறேன். உங்களில் யாருக்காவது உடம்பு சரியில்லையா? கை எழுத வராவிட்டால் காலிக் காகிதத்தையாவது அனுப்பு.

ஸ்வீ பிங்


ஸெமாராங்
18 ஜனவரி 1966

அன்புள்ள தம்பிக்கு,

எல்லோரும் நலமாக இருக்கிறோம். நாட்டில் அமைதி திரும்பியிருக்கிறது. உன் கடிதங்கள் எல்லாம் ஒன்றாக வந்து சேர்ந்தன. உறைகள் பிரிந்திருந்ததால் அக்கறையோடு மறுபடி ஒட்டியும் கொடுத்திருக்கிறார்கள்.

பத்திரிகை நின்றுவிட்டது. அத்தான் நெஞ்சுச் சளிக்கு ஓய்வு எடுக்க வெளியூர் போயிருக்கிறார். அவர் எழுதுவதையே விட்டுவிட்டார். வீட்டில் பழைய காகிதம் எதுவும் இல்லை, எலித் தொல்லையால் எரித்துவிட்டேன். வேண்டுமென்றவர்கள் வந்து வெட்டுத்தாள் கட்டுகளை மட்டும் எடுத்துப் போனார்கள். சிவப்புக் கோடுகளைப் பற்றிக் கேட்டார்கள், அத்தான் படிக்கும்போது போட்டது என்றேன்.

நீ கடிதத்தில் உடம்பைப் பற்றி எழுது. குளிரைப் பற்றி எழுது. அங்கே கங்காரு இருக்கிறதாமே, அதைப் பற்றி எழுது. கதை கிதை எல்லாம் வேண்டாம். எனக்கு இப்போது கண் சரியில்லை.

கியோக் லன்


கான்பெரா
9 பிப்ரவரி 1966

அன்புள்ள அக்கா,

அப்பாடா. உன் எழுத்தைப் பார்த்ததும்தான் சாப்பாடு இறங்கியது. நான் நலம், மூக்கும் நலம். கண்ணுக்கு என்ன? டாக்டரிடம் காட்டு. அத்தான் நல்ல காற்றில் ஓய்வெடுக்கட்டும். காகிதங்களை எரித்தாய் என்று படித்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. எலிக்குப் பூனை வளர்க்கக் கூடாதா?

நல்ல செய்தி சொல்கிறேன். கண்டுபிடிப்பைக் கேட்டுப் பேராசிரியர் எழுந்து நின்று கை கொடுத்தார். கட்டுரையாக எழுதச் சொன்னார். ஜூன் இதழில் வருகிறது. முதல் பத்தியை உனக்காக நம் மொழியில் தருகிறேன்:

"உங்காரான் மலைச்சரிவில், காப்பித் தோட்டத்தை ஒட்டிய விதாக்தோவின் வீட்டுப் பின்கட்டில் ஒரு சிறிய அறை உண்டு. மொழிபெயர்ப்பாளர் சுவான் ஹி மழைக்காலங்களில் தங்கி எழுதியது அங்கேதான். சீனக் கதை ஜாவாவின் நாவலுக்குள் நுழைந்த வாசல் அந்த அறை. ஆனால் அந்த வாசல் வழியே வந்தது சீனத்தில் இல்லாத ஒன்று."

எப்படி? அத்தான் பெயர் முதல் முறையாக ஓர் ஆராய்ச்சி இதழில் வரப்போகிறது. இத்தனை வருடம் பத்திரிகையில் அவர் பெயரைப் பொடி எழுத்தில்தானே போட்டார்கள். விதாக்தோ அண்ணனுக்கும் எழுதி, இதை உறுதிப்படுத்தச் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

இங்கே கங்காரு உண்டு. நான் பார்க்கவில்லை.

ஸ்வீ பிங்


ஸெமாராங்
14 மார்ச் 1966

தம்பிக்கு,

இங்கே நலம், அங்கே நலமாக இரு.

நீ எழுதியது எல்லாம் தப்பு. உனக்கு யாரோ தவறாகச் சொல்லியிருக்கிறார்கள். விதாக்தோ என்கிறவருக்கும் நமக்கும் பழக்கமே கிடையாது. ஏதோ ஒரு காலத்தில் இருந்த பழக்கமும் கோழிக்குஞ்சு விஷயத்தில் சண்டை வந்து அறுபத்திரண்டிலேயே முறிந்துபோனது. தெருவில் பார்த்தாலும் அத்தான் முகத்தைத் திருப்பிக்கொள்வார். நீ சொல்லும் அறையைக் கரையான் தின்று, அது விழுந்தே நாலு வருடமாகிறது. அந்தக் காட்சியும் சீன மூலத்தில் உண்டு, நானே ஹாங்காங் தாளில் படித்திருக்கிறேன். உன் நூலகப் பிரதியில் ஒரு தாள் கிழிந்திருக்கும்.

இப்படிப் பொய்யை அச்சுப்போட்டு அப்பா பெயரைக் கெடுக்காதே. கட்டுரையை நிறுத்து. அக்கா சொல்கிறேன், நிறுத்து.

கியோக் லன்


கான்பெரா
4 ஏப்ரல் 1966

அக்காவுக்கு,

உடம்பு நன்றாக இருக்கிறது. மனசு நன்றாக இல்லை.

நான் பொய்யன் என்று எழுதியிருக்கிறாய். உன் செப்டம்பர் கடிதம் என் மேஜையில் இருக்கிறது. அதில் அண்ணன் உன் வீட்டில் ஒன்பது லும்பியா தின்றதாக நீயே எழுதியிருக்கிறாய். கோழிக்குஞ்சுச் சண்டை போட்டவர் லும்பியா தின்ன வருவாரா? ஹாங்காங் தாளை நீயே படித்தாயாம். அக்கா, உனக்குச் சீன எழுத்தே தெரியாது. தம்பி பெயருக்குப் பின்னால் பட்டம் வந்தால் உனக்குப் பொறுக்கவில்லையா?

விதாக்தோ அண்ணனும் பதில் போட்டார். இரண்டே வரி. "நான் சீனக் கதை எதையும் வாசித்ததில்லை. இனி எனக்கு எழுத வேண்டாம்." எழுத்தாளர்களுக்கு இந்தக் கர்வம் உண்டு என்று பேராசிரியர் சொன்னார்.

கட்டுரை அச்சுக்குப் போய்விட்டது.

ஸ்வீ பிங்


ஸெமாராங்
2 மே 1966
(கைவழி)

ஸ்வீ பிங்,

இதைக் கொண்டுவருகிறவர் இங்கே ஒரு மருத்துவமனையில் நர்ஸாக இருந்த ஆஸ்திரேலியப் பெண். ஊர் திரும்புகிறார். உள்ளாடைக்குள் தைத்து வைத்து எடுத்து வருகிறார். ஆகவே இதை உன்னைத் தவிர யாரும் வாசிக்கப் போவதில்லை. எட்டு மாதத்துக்குப் பிறகு இன்றுதான் உனக்கு உண்மையாக எழுதுகிறேன்.

உன் கடிதம் ஒவ்வொன்றும் பிரிக்கப்பட்டுத்தான் வருகிறது. என் கடிதமும் அப்படித்தான் போகிறது. இது உனக்குப் புரியும் என்று நினைத்தேன். புத்தகத்தில் ஒரு தாள் விட்டுப்போனால் கண்டுபிடிக்கிறாய், அக்கா கடிதத்தில் விட்டுப்போனது தெரியவில்லையா உனக்கு?

பத்திரிகை எங்கள் சீனர் சங்கத்தினுடையது அல்லவா, அக்டோபரில் பூட்டினார்கள். ஆசிரியரைக் கூட்டிப் போனார்கள், திரும்பி வரவில்லை. அத்தான் பெயரும் பட்டியலில் இருந்தது. கப்பலில் வந்த வெட்டுத்தாள்கள் சீனாவின் ரகசியக் கட்டளைகளாம், சிவப்புக் கோடு போட்ட இடமெல்லாம் சங்கேதமாம். வீட்டுக்கு வந்தவன் ஒருவன், "கதைக்கு எதுக்குய்யா கோடு போடறான்?" என்று கேட்டான்.  

அத்தான் அந்த அறையில்தான் இருக்கிறார். விறகுக்குப் பின்னால். ஏழு மாதம் ஆகப்போகிறது. இருமல் வந்தால் துணியைக் கடித்துக்கொள்கிறாராம். விதாக்தோ அண்ணனின் மனைவி சந்தைக்கு வரும்போது என்னைக் கடந்து போவாள். கூடையில் மேலே மிளகாய் இருந்தால் அத்தான் நலம். இது ஒன்றுதான் எனக்கு வரும் கடிதம். மிளகாயைப் பார்த்த பிறகுதான் காய்கறி வாங்கவே போகிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது, ஸ்வீ பிங். காலையில் எழுந்ததும் பயம், ஜீப் சத்தம் கேட்டால் பயம், கேட்காவிட்டால் இன்னும் பயம்.

நீ அந்த அறைக்கு வழி சொல்லி, முதல் பத்தியில் போட்டு அனுப்பினாய்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நாற்பத்தேழை எழுதியது நான். அத்தானுக்கு அன்று நூற்று மூன்று டிகிரி காய்ச்சல். தினமும் எனக்குப் படித்துக் காட்டுவார், கதை எனக்குத் தெரியும். ஆசிரியர் வாசலில் உட்கார்ந்திருந்தார், நான் அடுப்படியில் உட்கார்ந்து எழுதினேன். நீ தேடிய சீனத் தடம் சீனம் தெரியாத ஒரு பொம்பளை எழுதியது. சிரிக்க வேண்டிய விஷயம்தான். ஆனால் இப்போது அவர்கள் கேட்பது என்ன தெரியுமா? கப்பலில் வராத பகுதி எப்படி அச்சில் வந்தது, யார் எழுதிக் கொடுத்தார்கள், யாருக்குச் சேதி என்று. மூலத்தில் இல்லை என்பதை அவர்கள் தெரிந்துகொண்டது உன் கடிதத்திலிருந்துதான்.

கட்டுரையை நிறுத்து. உன் முதல் கருத்து தப்பு என்று தபாலில் எனக்கு எழுது, திறந்து படிக்கிறவர்கள் நம்பும்படி எழுது.

அக்கா


கான்பெரா
21 மே 1966

மரியாதைக்குரிய அக்காவுக்கு,

நலமாக இருக்கிறேன். நீங்கள் எல்லோரும் நலமாக இருக்க வேண்டும் என்று தினமும் நினைக்கிறேன், வேறு எதையும் நினைக்க முடியவில்லை.

மார்ச் மாதத்தில் நீ எழுதியது சரி. நான்தான் முட்டாள்தனமாக அடம்பிடித்தேன். நூலகப் பிரதியை மறுபடி பார்த்தேன். நீ சொன்னபடியே ஒரு தாள் கிழிந்திருந்தது. இன்னொரு பிரதி வரவழைத்துப் பார்த்ததில் அந்த ஆற்றுக் காட்சி மூலத்தில் தெளிவாக இருக்கிறது. சீனத்தில் இதுபோலப் பத்துக் கதைகள் உண்டாம். ஆகவே திரு. விதாக்தோ நம் பத்திரிகையிலிருந்து எடுத்தார் என்பதற்கு ஆதாரமே இல்லை. அந்த அறையைப் பற்றி நான் எழுதியது முழுக்க என் கற்பனை. அந்த வீட்டுக்கு நான் போனதே இல்லை.

அச்சகத்துக்கு நேரில் போய்க் கட்டுரையை எடுத்துவிட்டேன். இனி அகராதிகளைப் பற்றி ஆராய்ச்சி செய்யப்போகிறேன். முந்தைய கடிதங்களை வாசித்தவர்கள், அதாவது நீ, அவற்றை மறந்துவிடும்படி கேட்டுக்கொள்கிறேன். எனக்குச் சரியாக ஆராய்ச்சி செய்யத் தெரியாது.

கீழ்ப்படியும் தம்பி
ஸ்வீ பிங்


ஸெமாராங்
19 ஜூலை 1966

அன்புள்ள தம்பிக்கு,

நலம், நலமே நாடுகிறேன். உன் கடிதம் கிடைத்தது. தவற்றை ஒப்புக்கொண்டது நல்ல குணம்.

சென்ற வாரம் லெப்டினன்ட் குந்தோரோ என்பவர் வீட்டுக்கு வந்தார். மரியாதையான மனிதர், முப்பது வயது இருக்கும். காலணியை வெளியே கழற்றிவிட்டு வந்தார். தபால் அலுவலகத்தில் நம் கடிதங்களைப் பார்க்கும் பொறுப்பு அவருக்குத்தானாம். "ஒங்க தம்பி எழுத்துக்கு நான் ரசிகன். அவர் கடிதம் வந்தா அதைத்தான் மொதல்ல எடுப்பேன்" என்றார். நான் தேநீர் கொடுத்தேன்.

சிறு வயதிலிருந்தே 'காலைக் காற்று' தொடர்களை அவர் வெட்டி வைத்துத் தைத்திருக்கிறார். 'வெண்நாணல் வாள்' முழுக்க இருக்கிறது. கையோடு கொண்டு வந்திருந்தார். கடைசியாக அத்தான் எழுதிக்கொண்டிருந்த தொடர் பாதியில் நின்றுவிட்டதே என்று வருத்தப்பட்டார். "குகைக்குள்ள மாட்டினவன் வெளிய வந்தானா அக்கா? அதையாவது சொல்லுங்க. ஒம்பது மாசமா யோசிக்கிறேன்" என்றார். என்னை அக்கா என்றுதான் கூப்பிடுகிறார். எனக்குத் தெரியாது என்றேன். அவர் நம்பவில்லை.

புறப்படும்போது, "தம்பி மொதல்ல இல்லேன்னார், அப்புறம் இருக்குன்னார். எது நெஜம்னு தெரிஞ்சுக்கணும். நானும் ரெண்டு புத்தகத்தையும் பக்கத்துல வச்சுப் பாக்கிறேன்" என்றார். படிப்பில் இவ்வளவு ஆர்வம் உள்ளவர்களைப் பார்ப்பது சந்தோஷம்.

இதை வாசிக்கிற லெப்டினன்டுக்கும் என் வணக்கம்.

நீ இனி எழுத வேண்டாம். அகராதி வேலையைப் பார்.

கியோக் லன்


ஸெமாராங்
11 பிப்ரவரி 1967
(கைவழி)

ஸ்வீ பிங்குக்கு,

இதையும் இன்னொரு நர்ஸ் கொண்டுவருகிறார். நான் உயிரோடு இருக்கிறேன், உடம்பில் குறை ஒன்றும் இல்லை. நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்க மறந்துவிடப் போகிறேன், அதனால் இப்போதே கேட்டுவிடுகிறேன்.

நவம்பர் நாலாம் தேதி பகலில் லெப்டினன்ட் உங்காரானுக்குப் போனார். ஜீப்பையும் நாலு சிப்பாய்களையும் ரோட்டிலேயே நிறுத்திவிட்டுத் தனியாகத் தோட்டத்துக்குள் நடந்து போயிருக்கிறார். கையில் 'கலங்கல் வெள்ளம்'. விதாக்தோ அண்ணனிடம் கையெழுத்துக் கேட்டார். அண்ணன் போட்டார். நடந்ததையெல்லாம் அவர் மனைவி எனக்குச் சொன்னாள், அவள் கதவோரம் நின்றிருந்தாள்.

"அண்ணே, இந்த மருந்துப் பொட்டலம் ஒங்களுக்கு எங்கேருந்து வந்துச்சு?"

"ஞாபகம் இல்ல தம்பி. வயசாயிருச்சு."

"நீங்க எழுதற அறையைப் பாக்கலாமா? ரொம்ப நாள் ஆசை."

அண்ணன் மறுபடியும் தேநீர் கொண்டுவரச் சொன்னார். லெப்டினன்ட் உட்காரவில்லை. நேராகப் பின்கட்டுக்குப் போனார். வழி அவருக்குத் தெரிந்திருந்தது.

அத்தானுக்கு விறகுக்குப் பின்னால் போக நேரமில்லை. மேஜை முன்னால் உட்கார்ந்திருந்தார். லெப்டினன்ட் குனிந்து வணங்கினாராம். "ஐயா, ஆறாம் வகுப்புலேருந்து ஒங்களைப் படிக்கிறேன்" என்றாராம். பிறகு கேட்டார்.

"நாப்பத்தேழாம் பகுதி மூலத்துல இல்ல. ஒங்க மச்சான் மொதல்ல சொன்னதுதான் சரி, நான் ஹாங்காங் புத்தகம் வரவழைச்சு, படிக்கத் தெரிஞ்சவனை வச்சுப் பாத்துட்டேன். கப்பல்ல வராத பகுதி. அதை எழுதிக் குடுத்தது யாரு? அந்த ஆறு என்ன, மருந்து என்னன்னு மேலிடத்துல மூணு பக்கத்துக்கு எழுதியிருக்காங்க. எழுதின ஆளு அவங்களுக்கு வேணும்."

"காய்ச்சல்ல நான் எழுதினேன். சேதி கீதி ஒண்ணும் இல்ல."

"இல்ல ஐயா. ஒங்க கை எனக்குத் தெரியும். நீங்க சண்டையை எழுதுவீங்க, பொம்பளை மனசை இப்படி எழுத மாட்டீங்க. இது அக்கா எழுதினதா?"

ஆமாம் என்று தலையாட்டியிருந்தால் ஜீப் நேராக என் வீட்டுக்கு வந்திருக்கும். அத்தான் ஒரு நிமிஷம் இருமினாராம். பிறகு மேஜையிலிருந்த காகிதத்தை இழுத்து, முதல் வரியிலிருந்து எழுத ஆரம்பித்திருக்கிறார். நாற்பத்தேழாவது பகுதி முழுவதையும். லெப்டினன்ட் தைத்த புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு வரிவரியாகச் சரிபார்த்திருக்கிறார். தாயின் கை வாளில் படும் இடம், அவள் மூக்கால் மூச்சு விடும் இடம், கடைசியில் அக்கரையில் அவள் பொட்டலத்தைப் பல்லிலிருந்து எடுக்கும் இடம் எல்லாம் ஒரு சொல் மாறவில்லை. ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனதாம். 

ஐந்தே முக்கால் வருடத்துக்கு முன்னால் அடுப்படியில் உட்கார்ந்து அவசரத்தில் நான் எழுதியதை அவர் மனப்பாடமாக வைத்திருந்தார். எனக்குத் தெரியாது. ஒரு நாளும் சொன்னதில்லை. "பரவாயில்ல, அச்சுல போடலாம்" என்று மட்டும்தான் அன்று சொன்னார்.

லெப்டினன்ட் நம்பினார். கூட்டிப் போய்விட்டார்கள். வீட்டுக்காரருக்குத் தெரியாமல் தானே விறகறையில் புகுந்துகொண்டதாக அத்தான் எழுதிக் கொடுத்தார். அண்ணனை மூன்று வாரம் வைத்திருந்து வெளியே விட்டார்கள். இப்போது அவருடைய வலது கை விரல்கள் மடங்குவதில்லை. அத்தானை எங்கே வைத்திருக்கிறார்கள் என்று யாரும் சொல்வதில்லை. வியாழக்கிழமைகளில், கைதிகளை அடைத்திருக்கும் கோட்டை வாசலில் அடுக்குப் பாத்திரத்தை வாங்கிக்கொள்கிறார்கள், காலியாகத் திருப்பித் தருகிறார்கள். சாப்பிடுவது அவரா, காவல்காரனா என்று தெரியாது. நான் அவர்தான் என்று வைத்துக்கொண்டு சமைக்கிறேன்.

உன்மேல் கோபம் இல்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். கோபம் இருக்கிறது. நீ வேண்டுமென்று செய்யவில்லை என்பதும் தெரியும், அப்படியும் இருக்கிறது. என்றாவது போகலாம், போகாமலும் இருக்கலாம். சாப்பிடாமல் கிடக்காதே, அதனால் யாருக்கும் லாபம் இல்லை.

லெப்டினன்ட் இன்னும் வருகிறார். போன வாரமும் வந்து, "அகராதி வேலை ஒங்க தம்பிக்குச் சரிப்படாது அக்கா. அந்தக் கட்டுரையை முடிக்கச் சொல்லுங்க, அவர் என்ன எழுதறார்னு பாக்க எல்லாருக்கும் ஆசை" என்றார். நீ என்ன எழுதப்போகிறாய் என்று அவர்கள் காத்திருக்கிறார்கள். அவர்கள் கோப்பில் இருப்பதற்கு மாறாக நீ ஒரு சொல் எழுதினால், அத்தான் அந்த ஒரு மணி நேரம் உட்கார்ந்து எழுதியது வீண்.

ஆகவே கட்டுரையை எழுது. உனக்குத் தெரிந்த உண்மையை எங்கேயும் எழுதி வைக்காதே, குறிப்பேட்டில்கூட. மூலத்தில் இல்லாத நாற்பத்தேழாவது பகுதி யார் எழுதியது என்று யார் கேட்டாலும், என்றைக்குக் கேட்டாலும், சுவான் ஹி என்று சொல். நானும் அப்படியே கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். 

இந்தக் கடிதத்தையும், மே மாதம் கைவழியாக வந்ததையும், செப்டம்பர் கடிதத்தையும் எரித்துவிடு. பழைய பெயரில் இனி எழுதாதே, சீனர்கள் எல்லோரும் பெயரை மாற்றிக்கொள்ள வேண்டும் என்று உத்தரவு. கீழே இருப்பதுதான் இனி என் பெயர்.

லனி குஸுமாவதி